வங்கி வேலையை விட்டவரும் வட்டிக் கம்பெனியை விட்டவனும்

மதுரையில் ஒருவன் உட்கார்ந்து பார்க்கும் வேலையை விட்டுவிட்டு மோட்டார் பட்டறைக்குப் போகிறேன் என்றால், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் கையோடு ஒரு கதையையும் கொண்டுவருவார்கள். "டி.வி. சுந்தரம் ஐயங்காரும் பேங்க் வேலையை விட்டுட்டு வந்தவர்தானே?" எனக்கும் சொன்னார்கள். டீக்கடையில் சொன்னார்கள், கல்யாணப் பந்தியில் சொன்னார்கள், நான் வேலை பார்த்த நிதி நிறுவனத்தின் மேலாளரே கடைசி நாளில் கைகுலுக்கிக்கொண்டு சொன்னார். ஐயங்கார் போனது முதலாளி ஆவதற்கு, நான் போவது அடுத்தவர் பட்டறையில் ஹெல்பராக நின்று ஆயில் ஃபில்டர் கழற்றுவதற்கு என்ற வித்தியாசத்தை ஒருவரும் எடுக்கவில்லை. மரியாதைக்காக விட்டிருப்பார்கள்.

ஆனால் அந்த வித்தியாசம் சின்னதில்லை. தமிழ்நாட்டு மோட்டார் தொழிலுக்கு ஆட்கள் இரண்டு வாசல் வழியாக வந்தார்கள். ஒரு வாசலில் வந்தவர்களுக்குச் சிலை இருக்கிறது, நூற்றாண்டு மலர் இருக்கிறது, அவர்கள் பெயரில் நகர் இருக்கிறது. இன்னொரு வாசலில் வந்தவர்கள் மண்ணெண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பல்சக்கரம் கழுவினார்கள். நான் நாற்பதை நெருங்கும் வயதில் இந்த இரண்டாவது வாசலில் நுழைந்ததால், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஐயங்காரையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமை திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, பிறகு வங்கி என்று அந்தக் காலத்தில் படித்த ஒருவருக்கு எந்தெந்த நாற்காலி கிடைக்குமோ அத்தனையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தவர். 1911இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் தொடங்கினார். 1912இல் பஸ் ஓட்டினார். கம்பெனியின் தலைமையிடமாக மதுரை மேல வெளி வீதி ஆயிற்று. மாதம் பிறந்தால் சம்பளம் என்பதை விட்டுவிட்டு, பெட்ரோல் எங்கே கிடைக்கும், அச்சு முறிந்தால் யார் செய்து தருவார் என்பதே நிச்சயமில்லாத ஒரு தொழிலில் இறங்க நெஞ்சுரம் வேண்டும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

என் மேஸ்திரி மட்டும் இந்தக் கதையைச் சொல்ல மாட்டார். அவருக்குப் பிடித்தது கோயம்புத்தூர்க் கதை. கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துக் கிறங்கிப்போய், அதை வாங்குவதற்காகவே ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குப் போனார். காசு சேர்த்து வண்டியை வாங்கியதும் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டார். அதுதான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. "ஓனர் ஆனதுக்கு அப்புறம் கையில மை ஒட்டலாம் தம்பி. அதுக்கு முன்னாடி கிரீஸ் ஒட்டிருக்கணும்" என்பார் மேஸ்திரி. நாயுடு எங்கள் பட்டறையில் கிட்டத்தட்ட குலதெய்வம். ஐயங்கார் மரியாதைக்குரிய பக்கத்து ஊர் சாமி.

இந்த இரண்டு பேருக்கும் முன்பே சென்னையில் ஒரு பட்டறை உலகம் இருந்தது. மவுண்ட் ரோட்டில் சிம்ப்சன் கம்பெனி 1840இலிருந்து குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்தது. 1903இல் அங்கே வேலையிலிருந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். பிறகு பஸ் வந்த காலத்திலும் வெளிநாட்டிலிருந்து அது முழுசாக வராது. இஞ்சினும் சட்டகமும் நான்கு சக்கரமும் மட்டும் கப்பலில் வரும். மேல்கூடு, பெஞ்சு, கூரை, படிக்கட்டு எல்லாம் இங்கே மரத்தில் செய்ய வேண்டும். வண்டி கட்டிய தச்சரும் கொல்லரும் பஸ் கட்டினார்கள். இன்றைக்குக் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்குக் கட்டுகிறார்கள். இரும்பும் அலுமினியத் தகடும் வந்துவிட்டாலும், அளவு எடுக்கும் கையில் பழைய தச்சரின் கை தெரியும்.

பஸ் ஓட ஆரம்பித்த காலத்தில் சர்வீஸ் என்பது பெரும்பாலும் ரோட்டோடு நடந்த சண்டைதான். சரளைக்கல் ரோடு. அதே ரோட்டில் மாட்டு வண்டி. மாட்டின் குளம்பிலிருந்து லாட ஆணி கழன்று விழும், பஸ் டயரில் ஏறும். இந்த ஆணிகளைப் பொறுக்குவதற்காகவே காந்தம் கட்டிய வண்டி ஒன்றை டி.வி.எஸ்.காரர்கள் ரோட்டில் விட்டார்கள் என்று மதுரைப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாகவும் சொல்வார்கள். இந்த இரண்டாவது கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மாமனார் சிரிப்பார். அவர் பையனாக இருந்தபோதே அந்த பஸ் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். "காலையில டயத்துக்கு வந்துருச்சுன்னு நீங்க பாக்குறீங்க மாப்ளே. ராத்திரி பூரா அதுக்கு அடியில படுத்துக் கிடந்தது யாரு?" ராத்திரி கடைசி டிரிப் முடிந்து வரும் வண்டியில் டிரைவர் சொல்லும் குறைகளைச் சரிபார்த்து, ஸ்பிரிங் பட்டை பார்த்து, பிரேக் நெருக்கி, நிப்பிள் நிப்பிளாகக் கிரீஸ் அடித்து, விடியற்காலை முதல் டிரிப்புக்கு விட வேண்டும். நேரந்தவறாமை என்று ஊர் மெச்சியதன் பாதி, ராத்திரி ஷிப்டில் செய்யப்பட்டது.

அப்போது நுழைவு வேலை என்றால் இரண்டுதான். லாரியிலோ பஸ்ஸிலோ கிளீனராக ஏறலாம், அல்லது பட்டறையில் பையனாகச் சேரலாம். கிளீனர் வண்டி கழுவுவான், சக்கரத்துக்குக் கட்டை போடுவான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான், ராத்திரி வண்டியிலேயே படுப்பான். கொஞ்ச காலத்தில் டிரைவர் ஆவான், இல்லை என்றால் பாதி மெக்கானிக் ஆவான். பட்டறைப் பையனுக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு, டீ, சனிக்கிழமை கையில் கொஞ்சம் காசு. என் மேஸ்திரி எட்டாம் வகுப்பு பெயிலானதும் அவருடைய அப்பா கையைப் பிடித்துக் கொண்டுபோய் தெற்குவாசல் பக்கம் ஒரு பட்டறையில் விட்டாராம். "அடிச்சாலும் பரவால்ல, தொழிலு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடிக்கு அங்கே குறைவில்லை. பதின்மூன்று வயதுப் பையனின் தலையில் ஸ்பேனரால் தட்டுவது கற்பிக்கும் முறையாகவே இருந்தது. இதைப் பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. தொழில் படிந்தது அடியால் இல்லை என்பதற்கு என் மேஸ்திரியே சாட்சி. அவர் இதுவரை ஒரு பையனையும் தொட்டதில்லை, அவரிடம் கற்றவர்கள் மதுரை பூராவும் கடை போட்டிருக்கிறார்கள்.

முதல் வருஷம் முழுக்கக் கழுவுகிற வேலை. இஞ்சின் இறக்கினால் அதன் ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்து, கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் பரப்ப வேண்டும். வரிசை தப்பினால் உதை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கழுவுகிறவன் கைக்குத்தான் தேய்மானம் முதலில் தெரியும். எந்த ஷாஃப்டில் விரல் வைத்தால் கோடு இடறுகிறது, எந்தப் பேரிங் சுற்றும்போது மணல் அரைக்கிறது என்பதை மேஸ்திரிக்கு முன்னால் பையன் உணர்ந்துவிடுவான். வாய் திறந்து சொல்ல அவனுக்கு உரிமை கிடைக்கத்தான் இரண்டு வருஷம் ஆகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பையன்களுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் பஸ்களின் பின்னால் பெரிய பீப்பாய் போன்ற கலனைப் பொருத்தி, அதில் மரக்கரி எரித்து, வரும் வாயுவில் இஞ்சினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். இந்தக் கரிவாயுக் கலன்களைத் தானே செய்து விற்றது. காலையில் கரி பற்ற, ஊதுசக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். வாயு கிளம்புவதற்குள் பையனுக்கு வேர்த்து ஊற்றும். ஓட்டம் முடிந்ததும் சாம்பல் வாரி, வடிகட்டியில் அடைத்த புகைக்கரியைச் சுரண்ட வேண்டும். மேட்டில் ஏறாமல் நின்றால் பயணிகள் இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்களாம்.

போருக்குச் சற்று முன்னால் வந்த 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்மிட் முறை வந்தது என்பதற்காக அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்கு அது எஃப்.சி. கொண்டுவந்த சட்டம். வாடகைக்கு ஓடும் வண்டி தகுதியோடு இருக்கிறது என்று சான்று வாங்கியாக வேண்டும் என்றதும், வண்டிகள் தவணை வைத்துப் பட்டறைக்கு வர ஆரம்பித்தன. டிங்கர், பெயிண்டர், வெல்டர், எலெக்ட்ரீசியன், குஷன் வேலைக்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழோ ஒரே தெருவிலோ சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஊருக்கு ஊர் மோட்டார் தெருக்கள் வளர எஃப்.சி. வேலை ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். கெட்டுப்போனால்தான் வேலை என்ற நிலைமை மாறி, காலண்டர் பார்த்து வேலை வர ஆரம்பித்தது.

இனி என் சொந்த மேசையின் கதைக்கு வருகிறேன். அதுவும் மேல வெளி வீதியில்தான் போய் முட்டுகிறது.

டி.வி.எஸ். விற்றது பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள். அந்தக் கம்பெனி 1928இலிருந்து பம்பாயில் வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தது. இங்கேயே உறுப்புகளைச் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்க முடியாது என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. பெரிய சரக்கு கைவிட்டுப் போன குடும்பம் இரண்டு பக்கம் திரும்பியது. ஒன்று, சக்கரம், பிரேக், மின்சாதனம் என்று உறுப்புகளைத் தானே செய்வது. 1960களின் தொடக்கத்தில் வந்த வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் அந்த வழி. இன்னொன்று கடன். ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். வண்டி உன் கையில், பெயர் எங்கள் பிடியில், தவணை கட்டி முடித்ததும் முழுசாக உனக்கு என்ற ஹையர் பர்ச்சேஸ் ஏற்பாடு லாரித் தொழிலைத் தலைகீழாக மாற்றியது. கிளீனராக ஏறி டிரைவரானவர் ஒற்றை லாரிக்கு முதலாளியாக முடிந்தது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் வீட்டு வாசலில் லாரி நிற்கிற தெருக்கள் உருவானதில் இந்தத் தவணைக்குப் பங்கு உண்டு.

அப்பா வங்கி மேசையை விட்டுவிட்டு மோட்டாருக்கு வந்தார். மகன் மோட்டாருக்குள்ளேயே ஒரு மேசையைக் கொண்டுவந்து போட்டார். அந்தத் தொழில் பெருகி, எத்தனையோ கம்பெனிகளாகக் கிளைத்து, அவற்றுள் ஏதோ ஒரு கம்பெனியின் மதுரைக் கிளையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. பெயர் வேண்டாம்.

என் வேலை கோப்பு. ஆர்.சி. புத்தக நகல், இன்சூரன்ஸ், இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், தவணைத் தேதி, தவறிய தவணை, முதல் நோட்டீஸ், இரண்டாம் நோட்டீஸ், பிறகு வண்டியைத் தூக்கச் சொல்லும் கடிதம். லாரிகளை நான் எண்களாகத்தான் அறிந்திருந்தேன். தூக்கி வந்த வண்டிகளை நிறுத்தும் யார்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப் போனபோது, கூட வந்த மதிப்பீட்டாளர் ஒரு லாரியின் டிப் ஸ்டிக்கை உருவி, ஆயிலை விரலில் தேய்த்து, முகர்ந்து, "இதுக்கு ரெண்டு லட்சம் கொறச்சுக்கங்க" என்றார். ஹெட் கேஸ்கட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதாம். என் கோப்பில் அந்த லாரி நல்ல லாரி. நான் அதன் எல்லா எண்களையும் சரியாக எழுதியிருந்தேன், ஒன்றும் தெரியாமல். வேலையை விட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் பொய். நோட்டீஸ் கிடைத்தவர்களின் மனைவிமார் கைக்குழந்தையோடு வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பது பிடிக்கவில்லை. முதுகு வலித்தது. வயது ஏறிக்கொண்டிருந்தது.

என் மாமனாரும் ஐயங்கார் கதையைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கறைய எங்க தலைமுறையோட விடணும்னுதான் ஆபீஸ் மாப்பிள்ளையாப் பாத்தேன்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் அப்படிச் சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமை ஆயின. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன் என்று 1972இல் கழகங்கள் உருவாயின. டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியனுக்குப் போயின, கூடவே ஆட்களும். ஒரே ராத்திரியில் என் மாமனார் கம்பெனி ஃபிட்டராக இருந்து அரசுக் கழகத்து ஃபிட்டர் ஆனார். அடியில் படுத்துச் செய்த வேலை அதேதான், நிப்பிளும் அதே, கிரீஸும் அதே. ஆனால் பெண் கேட்டுப் போன இடத்தில் பேச்சு மாறியது. முந்தின வருஷம் "பட்டறையில வேலை பாக்குறான்" என்று இழுத்தவர்கள், "பாண்டியன்ல இருக்காரு" என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். வேலைநிறுத்தம் செய்யச் சங்கம் வந்தது, மருத்துவ விடுப்பு வந்தது, தீபாவளி போனஸைப் பற்றிப் பேப்பரில் செய்தி வந்தது.

கழகத்தின் வாசலில் நுழையக் காகிதம் வேண்டும். கைத்தொழில் பயிற்சித் திட்டம் 1950இலேயே தொடங்கி ஐ.டி.ஐ.கள் ஊர் ஊராக வந்திருந்தன. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்து, நிறுவனங்கள் பழகுநர்களை உதவித்தொகை கொடுத்து எடுத்தாக வேண்டும் என்றது. மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டு வருஷம் படித்தவன் டிப்போவில் பழகுநராக நுழைந்து நிரந்தரம் ஆகலாம். சம்பளம் இல்லாமல் பையன்கள் கழுவிய வேலைக்கு முதல்முறையாகச் சட்டத்தில் ஒரு பெயரும் தொகையும் கிடைத்தன. நல்லது நடந்தது. ஆனால் தெற்குவாசல் பட்டறையில் பத்து வருஷம் வேலை பழகிய என் மேஸ்திரி, எட்டாவது பெயில் என்பதால் அந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றார். ஐ.டி.ஐ. முடித்து டிப்போவுக்குப் போகக் காத்திருந்த பையன்கள் அவரிடம் வந்து கை பழகிவிட்டுப் போனார்கள். மாமனாரும் மேஸ்திரியும் ஒரே வயதுக்காரர்கள். ஒருவர் ஓய்வுபெற்று வீட்டு வராந்தாவில் பேப்பர் படிக்கிறார். மற்றவர் இன்னும் தினமும் காலை 9 மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறார்.

மேஸ்திரியின் ஸ்பேனர் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அடித்தட்டில் விட்வொர்த் ஸ்பேனர்கள். பழைய ஆங்கிலேய வண்டிகளுக்கு. அதற்கு மேல் இஞ்ச் கணக்கு: ஏழு பதினாறு, அரை, ஒன்பது பதினாறு. அம்பாசடரும் பழைய லேலண்டும் அதைத்தான் கேட்கும். மேல் தட்டில் மில்லிமீட்டர். எடை அளவுச் சட்டம் 1956இல் வந்து நாடு மெட்ரிக்குக்கு மாறியும், அம்பாசடரின் போல்ட்டு கடைசிவரை இஞ்சிலேயே இருந்தது. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். பதிமூணு ஸ்பேனர் போட்டால் பிடித்தது போலத்தான் இருக்கும், இறுகிய போல்ட்டில் அழுத்தினால் முனை மழுங்கிவிடும். கண்ணால் பார்த்து எந்தச் சாதி போல்ட்டு என்று சொல்லத் தெரிந்தவன்தான் அன்றைய பையன்களில் கெட்டிக்காரன். மெட்ரிக்கிலும் பேதம் உண்டு. மாருதி, டொயோட்டா என்றால் பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பென்ஸ் கூட்டில் 1954இல் தொடங்கிய டாடா லாரி வழி வந்தால் பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது. எங்கள் பட்டறையில் என்னைவிடப் பாதி வயதுள்ள சீனியர், நான் கை நீட்டுவதற்கு முன்பே சரியான ஸ்பேனரை எடுத்து வைத்திருப்பான். சேர்ந்த புதிதில் என்னை சார் என்றான். டீ வாங்கி வரும் முறை என் தலைக்கு வந்த வாரத்திலிருந்து அண்ணே என்கிறான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கு முன் கார் என்றால் அம்பாசடர், ஃபியட், பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு. ஒவ்வொன்றும் அடிக்கடி கவனிக்கச் சொல்லும். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைக்க வேண்டும், ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் அட்டைத் துண்டு. கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே சைலென்சர் சத்தத்தைக் காதால் அளக்க வேண்டும். மாருதி அப்படித் தொல்லை கொடுக்கவில்லை. 2000 வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, கார்புரேட்டர் போய் எரிபொருளை ஊசித்துளையில் பீய்ச்சும் முறை வந்ததும் காதுக்கு வேலை போயிற்று. ஸ்கேனர் செருகினால் கோளாறின் எண் திரையில் வரும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு, பெரிய லாரிக்கு டீசல் மட்டும் போதாது, ஆட்ப்ளூ திரவமும் ஊற்ற வேண்டும். மேஸ்திரி இதையெல்லாம் வெறுக்கவில்லை. ஸ்கேனரை வாங்கியவரே அவர்தான். "நம்பர் சொல்லும். ஏன்னு சொல்லாது" என்பார். வயரை எலி கடித்திருந்தாலும் சென்சார் மாற்றச் சொல்லும் அந்த எண்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் வந்தபோதுதான் மேசை மறுபடி உள்ளே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர்சாதன அறை, சட்டையை உள்ளே விட்ட சர்வீஸ் அட்வைசர், அச்சடித்த ஜாப் கார்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வண்டியைத் தொடுகிறவன். வண்டிக்காரர் இவனைப் பார்ப்பதே இல்லை, இவனும் வண்டிக்காரர் என்ன சொன்னார் என்பதை அட்வைசர் எழுதிய இரண்டு வரியில்தான் அறிகிறான். "சத்தம் வருகிறது." எந்தச் சத்தம், மேடேறும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்பது பேச்சிலேயே தொலைந்துவிடும். எங்கள் மாதிரிப் பட்டறையில் இன்னும் டிரைவர் மேஸ்திரியின் தோளைத் தொட்டு வாயால் சத்தம் போட்டுக் காட்டுகிறார். இது இன்றைக்கும் நாங்கள் பிழைத்திருக்க ஒரு காரணம். கம்பெனி வாரண்டி முடிந்த வண்டிகள் எங்களிடம் வருவது இன்னொரு காரணம், அதுதான் பெரிய காரணம்.

பழைய பட்டறையில் காகிதமே கிடையாது என்று நினைக்க வேண்டாம். காலண்டர் தாளின் முதுகில் சாமான் பட்டியல், சுவரில் சாக்பீஸால் பாக்கி. ஆயுத பூஜையன்று எங்கள் ஸ்பேனர்களெல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, பெஞ்சின்மேல் வரிசையாக இருக்கும். அவற்றோடு மேஸ்திரியின் கணக்கு நோட்டும் இருக்கும், அதற்கும் பொட்டு, சரஸ்வதி பூஜைக்கு. பொரியும் கடலையும் இரண்டுக்கும் பொது. நான் சேர்ந்த பிறகு வந்த முதல் பூஜையில் நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பழக்க தோஷம். கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது. வரவேண்டிய பாக்கியைத்தான் மூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லை.

இப்போது பட்டறைக்குப் பையன்கள் வருவதில்லை. சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்க விடாது, அது சரிதான். பதினெட்டு வயதானவன் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தால் முதல் வாரத்திலேயே காசு பார்க்கிறான், ஒரு வருஷம் கழுவிக்கொண்டிருக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? அதனால்தான் என்னைப் போன்ற ஆளை மேஸ்திரி எடுத்தார் என்பதும் எனக்குத் தெரியும். என் சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்கும் கீழே. வீட்டுக் கணக்கை மனைவி தாங்குகிறாள், அவளுக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கிறது. இந்த வசதி இல்லாத ஒருவருக்கு என் வழியை நான் சொல்ல மாட்டேன். ஐயங்கார் கதையையும் சொல்ல மாட்டேன்.

பிரேக் டிரம் கழற்றிச் சுத்தம் செய்ய, ஆயிலும் ஃபில்டரும் மாற்ற, சக்கரப் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க என்னை இப்போது தனியாக விடுகிறார்கள். கியர் பாக்ஸ் இறக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சேசிஸ் நம்பர் லாரியில் எந்த இடத்தில் பொறித்திருக்கும் என்பதை இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன்.

போன மாதம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். லாரி முதலாளிகள் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறார்கள், ஆடிட்டர் வெளியிலிருந்து ஆள் போட்டால் காசு அதிகம், "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் கணக்கு எல்லாம் தெரியுமே தம்பி." மூலையில் மேசை போட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். கொஞ்சம் பேரம் பேசினோம். சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான் பில் போடுவேன், அதுவரைக்கும் வண்டிக்கு அடியில்தான் இருப்பேன், கிளட்ச் வேலையை இந்த வருஷமே கற்றுத்தர வேண்டும் என்றேன். கிளட்ச் முடியாது, முதலில் பிரேக் ஓவர்ஹால் முழுசாக வரட்டும் என்றார். சரி என்றேன். மேசை வந்துவிட்டது. அதன்மேல் இப்போதைக்கு ஒரு இன்னோவாவின் பிரேக் காலிப்பர் கிடக்கிறது, கழுவ வேண்டும்.